வெட்க நரம்பு: மூத்திரம் பற்றிய கலைச்சொல்லாடல் குறித்துச் சில குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்காகத் துண்டுப் பிரசுரம் ஒன்று தயாரிக்கும் வேலையில் நானும் ஒட்டிக்கொண்டேன். நீர்க்கடுப்பு பற்றிய பிரசுரம். தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் அன்றைய எண்ணிக்கை முடியும்வரை எழுந்திருக்க நேரமில்லை. எழுந்தாலும் ஒதுங்க இடமில்லை. ஆகவே தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது என்று அவர்கள் தாங்களாகவே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நான் எழுதிக்கொண்டு போன வரைவின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: “சிறுநீரக மண்டலம் என்பது இரண்டு சிறுநீரகங்கள், இரண்டு சிறுநீர்க் குழாய்கள், ஒரு சிறுநீர்ப்பை, ஒரு சிறுநீர்ப் புறவழி ஆகியவற்றைக் கொண்டதாகும்.” பாடநூலில் உள்ளபடியே எழுதியிருந்தேன், பிழை ஒன்றும் கிடையாது. வாசித்து முடித்ததும் ஐம்பது தாண்டிய ஓர் அம்மா கேட்டார்: “அது சரி தம்பி, இதுல எரியுறது எது?”

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. எரிவது புறவழியும் பையின் உள்ளுறையும்தான். பெண்ணுக்குப் புறவழி ஏறக்குறைய 4 செ.மீ., ஆணுக்கு 20 செ.மீ. அளவில். வெளியிலிருந்து கிருமி பையை எட்ட வேண்டிய தூரம் பெண்ணுடம்பில் அவ்வளவு குறைவு. தண்ணீர் குடிக்காமலும் நீரை அடக்கியும் வைத்திருந்தால் உள்ளே போன கிருமி கழுவிக்கொண்டு வெளியேறுவதில்லை, அங்கேயே பெருகுகிறது. இதையெல்லாம் சொல்லத் தெரிந்த நான் ஏன் அந்த வாக்கியத்தை எழுதினேன்? அந்த வாக்கியத்துக்குள் எரிச்சலுக்கு இடமே இல்லையே. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் குறிப்புகள் அந்த உறுத்தலிலிருந்து வந்தவை.

*

ஃபூக்கோ பெயர் வராமல் இந்த மாதிரிப் பத்திரிகையில் உடல் பற்றிக் கட்டுரை எழுதக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கேலி ஒருபுறம் இருக்கட்டும். 1963இல் வெளிவந்த ‘மருத்துவமனையின் பிறப்பு’ நூலின் முன்னுரையில் அவர் சொல்கிற ஒரு விஷயம் இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் நோயாளியிடம் அவருக்கு என்ன என்று கேட்டார். நவீன மருத்துவரோ எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். இந்தக் கேள்வி மாற்றத்துக்குள்தான் நவீன மருத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது அவர் வாதம். நோய் ஓர் அனுபவமாக இருந்தது போய் ஓர் இடமாக ஆகிவிடுகிறது.

தமிழில் இந்த மாற்றம் முழுசாக நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே மருந்துச்சீட்டு எழுதுகிற மருத்துவர்கூட நம்மைப் பார்த்ததும் “என்ன செய்யுது?” என்றுதான் ஆரம்பிக்கிறார். செய்வது யார்? உடம்பு. நாமும் வினைச்சொல்லிலேயே பதில் சொல்கிறோம். கடுக்குது, எரியுது, குத்துது, இழுக்குது, முட்டிக்கிட்டு நிக்குது, சொட்டுச் சொட்டா வருது, சுத்தமா இறங்கல, தும்முனாப் போயிருது. அடுத்த நிமிடம் அவர் எழுதும் தாளில் இவையெல்லாம் மறைந்து உறுப்புகளின் பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பழைய நோய்ப்பெயர்களில் அந்த வினை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, நீரடைப்பு, கல்லடைப்பு. கல்லடைப்பு என்று சொன்னால் ஒரு கல் வந்து அடைக்கிற காரியம் கண்ணுக்குத் தெரிகிறது. விலாவில் கிளம்பி அடிவயிறு, தொடையிடுக்கு வரை இறங்குகிற அந்த உயிர்போகும் வலியின் கதையும் அதில் அடங்கியிருக்கிறது. ‘சிறுநீரகக் கல்’ என்னும்போது ஓர் இடமும் அந்த இடத்தில் கிடக்கும் ஒரு பொருளும்தான் மிச்சம். யாழ்ப்பாணத்தில் மூத்திரத்தைச் சலம் என்பார்கள். சலக்கடுப்பு, சலரோகம் என்று நோய்களையும் அதை வைத்தே சொல்வார்கள். நீரிழிவு என்ற சொல்லில் இழிதல் என்றால் இறங்குதல் மட்டுமே, அதில் அவமானம் ஒன்றுமில்லை. நாளடைவில் ‘இழிவு’ காதில் உறுத்தத் தொடங்கி, சர்க்கரை என்று இனிப்பாகச் சொல்லிக்கொள்கிறோம். மழைக்கும் மூத்திரத்துக்கும் நாம் ஒரே வினையைத்தான் வைத்திருந்தோம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் ‘பேயுது’. இந்த ஒற்றுமையில் அசிங்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

*

சிறுநீர் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நவீனக் கலைச்சொல்லாளர்கள் செய்த சொல் அல்ல அது, பழைய இடக்கரடக்கல். ‘ஒண்ணுக்கு’ என்பதும் அதே வகைதான். தொல்காப்பியர் அவையல்கிளவி என்று ஓர் இனமே வகுத்து, அவற்றை மறைத்துச் சொல்ல வேண்டும் என்று இலக்கணமாக்கியிருக்கிறார். யாருடைய அவை, அந்த அவையில் யாருக்கெல்லாம் உட்கார இடமிருந்தது என்று கேட்டால் இலக்கணம் சமூகவியலாகிவிடும். இங்கே ஒரு தலைகீழ் விசித்திரம் உண்டு. பொதுவாக நம்மிடம் வடசொல்தான் மேல், தமிழ்ச்சொல் கீழ்: ஜலம் உசத்தி, தண்ணி மட்டம். மூத்திரத்தில் மட்டும் கதை மாறிவிட்டது. மூத்திரம் என்ற வடசொல் தெருவில் நிற்கிறது, சிறுநீர் என்ற தமிழ்ச்சொல் சட்டை போட்டுக்கொண்டு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது. வேறெங்கும் தனித்தமிழ் இயக்கத்தின் தூய்மை சாதிய மேலாண்மைக்கு எதிரானதாகச் செயல்பட்டிருக்கலாம், பட்டிருக்கிறது. இந்த ஓர் இடத்தில் மொழித்தூய்மையும் உடல்தூய்மையும் கைகோத்துக்கொண்டன. மூத்திரத்தை விலக்கியதில் வடமொழியை விலக்கிய மகிழ்ச்சி, நாற்றத்தை விலக்கிய மகிழ்ச்சி, இரண்டும் ஒருசேரக் கிடைத்தன. கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

சிறுநீரகத்துக்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருந்தது: குண்டிக்காய். குண்டு, குண்டி என்ற உருட்சிப் பெயரோடு காய் சேர்ந்தது. ஈரல் பெயர்களோடு வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். கல்போல் இறுகியது கல்லீரல், நுரைத்திருப்பது நுரையீரல், மண்போல் இருப்பது மண்ணீரல். கையில் எடுத்து, அழுத்தி, அறுத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை என்பது என் ஊகம். ஏட்டைப் பார்த்துச் செய்த சொல்லில் இந்தத் தொடுகை வராது. ஆட்டை உரித்தவர்கள், செத்த மாட்டை அறுத்தவர்கள், பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் ஆகியோரின் அறிவு இதில் இருக்கிறது. சாதி இந்த அறிவை இழிதொழில் என்று ஒதுக்கி வைத்திருந்தது. கலைச்சொல்லாக்கத்தில் ஈரல்கள் தப்பித்தன, குண்டிக்காய் தப்பவில்லை. காரணம் வெளிப்படை. குண்டி என்பது வேறோர் இடத்துக்கு மட்டுமே உரிய வசையாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் குண்டிக்காயைக் கைவிட்டதில் வெட்கம் மட்டுமா இருந்தது? சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியத்தை எடுத்துப் பாருங்கள். லேவியராகமத்தில் பலிமிருகத்தின் உள்ளுறுப்புகளைப் பிரிக்கும் இடத்தில் ‘குண்டிக்காய்கள்’ என்று பச்சையாக வருகிறது. சங்கீதத்திலோ கடவுள் மனிதனின் இருதயத்தையும் ‘உள்ளிந்திரியங்களையும்’ சோதித்தறிகிறார். எபிரேய மூலத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே சொல்தான். ஆட்டுக்கு இருந்தால் குண்டிக்காய், மனுஷனுக்கு இருந்தால் உள்ளிந்திரியம்! அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? எபிரேயருக்கு அந்த உறுப்பு மனச்சாட்சி குடியிருக்கும் இடம். கடவுள் ஒருவனின் குண்டிக்காயைச் சோதிக்கிறார் என்று எழுத எந்தத் தமிழ்க் கைக்கும் துணிவு வந்திருக்காது. ஒன்று மட்டும் சொல்லலாம்: மனித உடம்புக்குள் இருப்பதும் ஆட்டுக்குள் இருப்பதும் ஒரே மாதிரிச் சமாச்சாரம் என்கிற அடிப்படை உடற்கூற்று உண்மையைத்தான் அந்த இரட்டைச்சொல் மறைத்தது.

*

தமிழில் மனித உடற்கூற்றை நவீன முறையில் சொல்லத் தொடங்கியதும் மிஷன் வட்டாரம்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவம், வேதியியல் நூல்களைத் தமிழாக்கினார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’. ஆங்கிலம் படித்தவன் சம்பளம் தேடிப் போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரில் தங்குவான் என்பது அவருடைய கணக்கு. காலனிய ஊழியம், மதமாற்ற நோக்கம் எல்லாம் அதில் உண்டுதான். ஆனாலும் சிகிச்சை செய்பவரும் பெறுபவரும் ஒரே மொழியில் இருக்க வேண்டும் என்ற எளிய விஷயத்தை அவர் புரிந்துகொண்டிருந்தார். பிற்காலக் கலைச்சொல் குழுக்கள் பலவற்றுக்கு அது புரியவில்லை.

அங்காதிபாதம் என்ற சொல்லை நான் ரசிக்கிறேன். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று முடியிலிருந்து அடிவரை, அடியிலிருந்து முடிவரை வருணிக்கும் பாட்டு மரபின் ஓசை அதில் கேட்கிறது. அந்த மரபு தெய்வத்தின், பெண்ணின் உடம்பை அங்கம் அங்கமாகப் பாடியது. கூந்தலுக்கும் பாதத்துக்கும் நடுவே ஒரு மூத்திரப்பை உண்டென்று அது ஒருபோதும் ஒத்துக்கொண்டதில்லை. பிணத்தை அறுத்துப் பார்க்கும் நூலுக்கு அந்த ஓசையில் ஒரு பெயர் அமைந்தது தற்செயலோ குறும்போ, எனக்குப் பிடித்திருக்கிறது. சித்த மருத்துவத்துக்கு இந்தக் கூச்சம் அவ்வளவாகக் கிடையாது. எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. தேரையர் மரபின் நெய்க்குறியில் விடியற்கால நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் வளைந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்று வாசிப்பார்கள். மூத்திரத்தை ஒரு பிரதியாக வாசித்த மரபு. வாசிக்கிற உரிமை வைத்தியரிடம் மட்டுமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்; அதைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம்.

நம் பள்ளிப் பாடநூல்களுக்கு வருவோம். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர்போல மட்டும் வெளியேற்றி மீதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. வியந்து நிற்க வேண்டிய விஷயம். மதிப்பெண்ணுக்கான படமாகச் சுருங்கிக் கிடக்கிறது. படத்தில் பௌமானின் கிண்ணம், ஹென்லே வளைவு. நபர்களின் பெயரை உறுப்புகளுக்குச் சூட்டும் வழக்கத்தை மேற்குலக உடற்கூற்றாளர்களே 1955இல் தங்கள் அதிகாரபூர்வப் பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நாம் அந்த இரண்டு வெள்ளைக்காரர்களையும் இன்னும் குடிவைத்திருக்கிறோம். மூத்திரம் கூடாது, பௌமான் இருக்கலாம்.

சிறுநீரகத்திலிருந்து பைக்கு நீர் இறங்கும் 25 செ.மீ. குழாய் ஒன்று, பையிலிருந்து வெளியேறும் வழி இன்னொன்று. யூரிட்டர், யூரித்ரா. இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்த சொற்கள், மருத்துவ மாணவர்களே குழம்பும் ஜோடி. தமிழாக்கும்போது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் வாய்ப்பு நமக்கு இருந்தது. இந்தியத் தமிழில் என்ன நடந்தது? சிறுநீர்க்குழாய், சிறுநீர் நாளம், சிறுநீர் வடிகுழாய், சிறுநீர்ப் புறவழி என்று ஆளுக்கொன்று. பத்திரிகைகளின் மருத்துவப் பக்கத்தில் ‘சிறுநீர்க்குழாய்’ என்று வந்தால் எது என்பது வாசகர் பாடு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இங்கே தேவலாம்: ஒன்று சிறுநீர்க்கான், மற்றது சிறுநீர்வழி. கான் என்பது அங்கே தெருவோர வடிகாலுக்குப் புழங்கும் சொல். தெருவிலிருந்து ஒரு சொல்லை உடம்புக்குள் கொண்டுபோக அவர்களுக்குக் கூச்சமில்லை. அங்கே தமிழில் பாடம் நடத்த வேண்டிய கட்டாயம் நிஜமானதாக இருந்தது காரணமாயிருக்கலாம். தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் பாடமொழி இன்றும் ஆங்கிலம்தான். ஆக, இந்தக் கலைச்சொற்களை மருத்துவர் நோயாளியிடம் பேசுவதில்லை, நோயாளி மருத்துவரிடம் பேசுவதில்லை, மருத்துவர்கள் தமக்குள்ளும் பேசிக்கொள்வதில்லை. யாரும் யாரோடும் பேசாத மொழி அது. அதைத்தான் அந்த அம்மாவிடம் நான் பேசப் போனேன்.

*

நோய்க்குறிகளில் எனக்கு மிகவும் தொந்தரவு தருவது ஒன்று. இருமினால், சிரித்தால், பாரம் தூக்கினால் நீர் கசிந்துவிடுவது. பிள்ளை பெற்ற பெண்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. அதைச் சொல்ல நாலு பேர் அறிந்த நோய்ப்பெயர் ஒன்று பேச்சுத்தமிழில் இல்லை. என் உறவில் ஒருவர் வருஷக்கணக்கில் “நனையுது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்ட இடத்திலெல்லாம் அதை வெள்ளைபடுதல் என்று எடுத்துக்கொண்டு அதற்கே மருந்து கொடுத்தார்கள். ‘மூத்திரம்’ என்ற சொல்லை அவரால் வாயால் சொல்ல முடியவில்லை. எதிரில் இருந்தவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதற்குக் கலைச்சொல் பட்டியல் தரும் சொல் ‘சிறுநீர் அடக்கவியலாமை’. அடக்குதல் என்ற வினையின் மேல் நம் சமூகம் ஏற்றி வைத்திருக்கும் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. அடக்கம் பெண்ணின் குணம். இடக்கர் அடக்கல் மொழியின் குணம். வேலையிடத்தில் மூத்திரத்தை அடக்குவது தொழிலாளியின் குணம். அடக்க இயலாமை என்று ஒருத்தியின் நோய்க்குப் பெயர் வைத்தால் அது நோய்ப்பெயராக மட்டுமா அவள் காதில் விழும்? ஆங்கிலமும் உத்தமமில்லை. ‘இன்கான்டினென்ஸ்’ என்பது பழைய ஆங்கிலத்தில் காமத்தை அடக்கத் தெரியாதவரைக் குறித்த ஒழுக்கச்சொல்.

அதைவிட அதிசயம் ஒன்றுண்டு. புறவழியை இறுக்கிப் பிடிக்கும் வெளிச்சுருக்குத் தசையை இயக்கும் நரம்பின் பெயர் ‘புடென்டல்’. வேர்ச்சொல் லத்தீன், பொருள் ‘வெட்கப்பட வேண்டியது’. நம் விருப்பப்படி மூத்திரத்தை நிறுத்தி வைக்க உதவும் நரம்பு வெட்க நரம்பு! பெண்குறியைக் குறிக்க ‘புடென்டம்’ என்ற சொல் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. 2019இல் வந்த சர்வதேச உடற்கூற்றுப் பெயர்ப் பட்டியலின் இரண்டாம் பதிப்பில்தான் அதை நீக்கினார்கள். நரம்பின் பெயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அறிவியல் மொழி கூச்சமற்றது, புறவயமானது, நம் மொழிதான் கூச்சத்தில் நெளிகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். லத்தீனில் சொன்னால் வெட்கம் வெட்கமாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கசிவில் பெரும்பகுதியை இடுப்பின் அடித்தசைகளுக்கான பயிற்சியால் குறைக்க முடியும். அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதியது. மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல இறுக்கி, சில விநாடி பிடித்து, விட வேண்டும். எந்தத் தசை என்று பழகிக்கொண்ட பிறகு இதை மூத்திரம் போகும்போது செய்யக் கூடாது, சும்மா இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு கலைச்சொல்லும் தேவைப்படவில்லை. இறுக்கு, பிடி, விடு என்று மூன்றே வினைகள்.

வேலையிடத்து அடக்கத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டும், இங்கே இடமில்லை. நாள் முழுக்க நிற்கிற ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுக் கேரளத்தில் போராடினார்கள். அங்கே 2018இல் சட்டம் திருத்தப்பட்டது, தமிழ்நாட்டில் 2021இல். கோழிக்கோட்டில் அந்த அமைப்பு திரண்டதே கழிப்பறைக் கோரிக்கையில்தான். மும்பையில் 2011இல் பெண்கள் தொடங்கிய இயக்கம் ‘ரைட் டு பீ’ என்று பச்சையாகவே பெயர் வைத்துக்கொண்டது. நம் கோரிக்கை மனுக்கள் இன்னும் ‘இயற்கை உபாதை’ என்றுதான் எழுதுகின்றன. உபாதை இயற்கையுடையதா, முதலாளியுடையதா?

*

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, மக்கள் மொழி நல்லது, கலைச்சொல் கெட்டது என்று நான் சொல்வதாக யாராவது முடிவுகட்டினால் அது என் தவறு. இந்த மண்டலத்தில் இருக்கும் முக்கியமான உறுப்புக்கே வினைச்சொல் கிடையாது. சிறுநீரகம் ஒன்றும் செய்யாது. அதாவது, அது கெட்டுப்போகும்போது நமக்கு ஒன்றும் செய்யாது. சர்க்கரையாலும் ரத்தக்கொதிப்பாலும் வருஷக்கணக்கில் அரித்துக்கொண்டே போனாலும் வலிக்காது, எரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தி வரும்போது பாதிக்கும் மேலே போயிருக்கும். ‘என்ன செய்யுது’ என்ற கேள்விக்கு ‘ஒண்ணும் செய்யல’ என்று பதில் சொல்லும் நோய். இங்கே பெயர்ச்சொல் வேண்டும், அளவு வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும். இதைச் சமாளிக்க மக்களும் ஒரு சொல்லைச் செய்துகொண்டார்கள்: உப்பு. “உப்பு ஏறியிருக்கு”, “உப்பு இறங்கல.” கிரியேட்டினின் உப்பல்லதான். ஆனால் வெளியேற வேண்டியது ரத்தத்தில் தங்கிவிட்டது என்ற விஷயம் அதில் இருக்கிறது. டயாலிசிஸுக்குப் பாடநூல் ‘கூழ்மப்பிரிப்பு’ என்கிறது, மக்கள் ‘ரத்தம் சுத்தம் பண்றது’ என்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது என்று கேட்கவும் வேண்டுமா?

பெயரே அரசியலாக நிற்பதும் உண்டு. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து நெல் விவசாயிகளைச் சாய்த்துவரும் சிறுநீரக நோய்க்குக் ‘காரணம் அறியப்படாத’ என்பது பெயரின் பகுதியாகவே இருக்கிறது. நீர், வேளாண் ரசாயனம், வெயிலில் வற்றும் உடல் என்று சந்தேகங்கள் பல, முடிவு ஒன்றில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நேர்மை. அதே சொல் முப்பது ஆண்டுகளாக நோயின் பெயரிலேயே உட்கார்ந்திருந்தால் காரணம் தேடுகிற பொறுப்பும் அதற்குள்ளேயே உறங்கிப்போகக்கூடும்.

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது. குண்டிக்காயையும் சிறுநீரகத்தையும் தள்ளிவிட்டு வந்து நம் பேச்சுமொழியில் ஏறிய சொல்: கிட்னி. பாடநூல் வழியாகவா வந்தது? என் பார்வையில் மருத்துவமனை ஒரு வழி, சந்தை இன்னொரு வழி. 1980களின் இறுதியிலும் 90களிலும் சென்னை வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ என்று அழைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பின் எர்ணாவூரில் மீனவர்களைக் குடியமர்த்திய இடம் ‘கிட்னி நகர்’ என்று பெயரெடுத்தது. 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். இடமும் தொழிலும் மாறினாலும் கந்துவட்டி மாறவில்லை. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2002இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. 96 சதவீதத்தினர் கடனடைக்க விற்றவர்கள். 86 சதவீதத்தினருக்கு அதன்பின் உடம்பு கெட்டது. 79 சதவீதத்தினர் வேறு யாருக்கும் இதைச் செய்யச் சொல்ல மாட்டோம் என்றார்கள். குடும்ப வருமானம் கூடவில்லை, மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன் இதே பெண்களைப் பற்றி எழுதும்போது, குடும்பக் கட்டுப்பாட்டின் வழியே ‘ஆபரேஷன்’ ஏற்கெனவே பழக்கப்படுத்தப்பட்ட உடல்கள் இவை என்றார்.

1994ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. உறவினர் அல்லாதவரும் அன்பின், பற்றின் காரணமாகத் தரலாம் என்று ஒரு வாசலும் வைத்தது. தமிழில் அந்த வாசலுக்குப் பெயர் தானம், கொடை. கடையெழு வள்ளல்களைப் படித்து வளர்ந்த மொழியில் கொடை என்ற சொல்லின் எடையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆணையக்குழுவின் முன் நின்று, முன்பின் தெரியாத ஒரு பணக்காரர்மேல் தனக்கு அன்பு என்று ஒரு தறித்தொழிலாளி சொல்ல வேண்டும். அன்பைத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்கு வந்து அவர் சொல்வது, “கிட்னிய வித்துட்டேன்.” இரண்டு வாக்கியங்களில் எது உண்மை என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம்.

எரிச்சலை யாரும் விலைக்கு வாங்க முடியாது. கடுப்பையும் கசிவையும் வாங்க முடியாது. சந்தைக்குப் போவது தனியாகப் பிரித்து, எண்ணி, எடுத்துக் கொடுக்கக்கூடிய பெயர்ச்சொல் மட்டும்தான். “இரண்டு சிறுநீரகங்களைக் கொண்டது” என்று என் வரைவு எண்ணத் தொடங்கியதே, அந்த எண்ணிக்கையிலிருந்து தரகரின் “ஒண்ணு போதும்மா, ரெண்டு எதுக்கு” என்ற பேச்சு ரொம்ப தூரத்தில் இல்லை என்று இப்போது படுகிறது. உடற்கூற்றியல் தரகருக்கு வேலை செய்கிறது என்று நான் சொல்லவில்லை. தரகர் நன்றாகப் படித்துவைத்திருக்கும் உடற்கூற்றியல் அந்த முதல் வாக்கியம் என்கிறேன்.

*

பிரசுரத்தின் கதையை முடித்துவிடுகிறேன். இரண்டாம் வரைவில் நான் வீராவேசமாக ‘மூத்திரம்’ என்று எழுதிக்கொண்டு போனேன். மக்கள் மொழி! பெண்கள் அதை ஏற்கவில்லை. இளையவர்கள், ப்ளஸ் டூ முடித்தவர்கள், “யூரின்னு போடுங்கண்ணே” என்றார்கள். ஒரு பெண் இன்னும் தெளிவாகச் சொன்னார்: “நீங்க ஆம்பள, மூத்திரம்னு அச்சுல போட்டுருவீங்க. வீட்டுல மாமனார் இருக்கையில நாங்க அத எங்க வச்சுப் படிக்க?” எனக்கு வாயடைத்துப்போனது. கட்டுடைப்பதற்கும் ஒரு தனியறை வேண்டியிருக்கிறது. அரைநாள் பேச்சுக்குப் பிறகு மூத்திரமும் இல்லாமல் சிறுநீரும் இல்லாமல் வெறும் ‘நீர்’ என்று முடிவாயிற்று. தலைப்பு: ‘நீர் எரியுதா?’ முதல் வாக்கியத்தில் உறுப்புகள் போய், குளிர்காய்ச்சலும் விலாவலியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது வந்து உட்கார்ந்தது.

படம் வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். படத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் நேரே கோடு இழுத்திருந்தோம். புறவழிக்கு நேரே என்ன எழுதுவது என்று மறுபடி தகராறு. முதலில் கேள்வி கேட்ட அந்த அம்மா, “எரியுற எடம்னு எழுது தம்பி” என்றார். அப்படியே அச்சாயிற்று. மறுபதிப்புக்கு வந்தபோது, சரிபார்த்துத் தந்த மருத்துவ நண்பர் ஒருவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் ‘சிறுநீர்ப் புறவழி’ என்று எழுதிக் கொடுத்தார். பையும் சேர்ந்துதானே எரிகிறது என்பது அவருடைய நியாயம். இப்போது அந்தக் கோட்டுக்கு நேரே இரண்டும் இருக்கின்றன, ஒன்றின் கீழ் ஒன்றாக.